கடைசிச் சுற்றுக்கு வெண்பொங்கல்

இதுவரை என் வாழ்க்கையில் ஒரே ஓர் இடத்திலிருந்துதான் என்னை வெளியே போகச் சொல்லியிருக்கிறார்கள். அது நானே வாடகைக்குப் பிடித்து, நானே சீரியல் பல்பு கட்டி, நானே வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்ற மண்டபம். போகச் சொன்னவரை ஜங்ஷனுக்குப் போய்ச் சால்வை போர்த்தி அழைத்து வந்ததும் நான்தான். (இதெல்லாம் உங்களுக்குத்தான் நடக்கும் என்பாள் என் மனைவி ஸ்டெல்லா. கல்யாணமானதிலிருந்து அவள் சொன்னதில் இது ஒன்றை மட்டும் நான் மறுத்துப் பேசியதில்லை.)

அப்போது நான் எங்கள் செஸ் கிளப்பின் செயலாளர். மன்னார்புரத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் சாயங்காலம் கூடுகிற கிளப் அது. செயலாளர் என்றதும் பெரிய ஆட்டக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லோரிடமும் சீக்கிரம் தோற்றுவிடுகிறவனுக்குத்தான் மற்ற வேலைகளைப் பார்க்க நேரமிருக்கும் என்று என்னைப் போட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட நான்தான் திருச்சியில் ஒரு சர்வதேசப் போட்டி நடத்தக் கிளம்பினேன். பத்தே பேர் ஆடுகிற போட்டி. அவர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டு கிராண்ட்மாஸ்டர்கள்.

இவ்வளவுக்கும் காரணம் தாரணி. உப்பிலியபுரத்துப் பெண், பத்தொன்பது வயது, அப்பா மரவள்ளிக்கிழங்கு போடுகிற விவசாயி. பதினோரு வயதிலிருந்து சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி எங்கள் கிளப்புக்கு வருவாள். எங்களை வரிசையாக உட்காரவைத்துத் தோற்கடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விடுவாள். அவள் கிராண்ட்மாஸ்டர் ஆக வேண்டுமென்றால் பெரிய ஆட்டக்காரர்களோடு ஆடி, நார்ம் என்கிற படியை மூன்று முறை ஏறியாக வேண்டும். அந்த மாதிரிப் போட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பாவில் நடக்கும். தாரணியை ஐரோப்பாவுக்கு அனுப்ப முடியாவிட்டால் ஐரோப்பாவை இங்கே வரவழைத்துவிடுவோம் என்று கமிட்டியில் எழுந்து சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டினால் எனக்கு நிதானம் போய்விடும்.

மண்டபம் பிடித்ததில் என் சாமர்த்தியத்தைச் சொல்ல வேண்டும். மார்கழியில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள் அல்லவா? ஸ்ரீரங்கத்தில் நல்ல ஏசி கல்யாண மண்டபம் காலியாகக் கிடந்தது. அந்த வருஷம் வைகுண்ட ஏகாதசி ஜனவரியில்தான். அதற்கும் கிறிஸ்துமஸுக்கும் முன்னால் போட்டியை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மண்டபத்தோடு சமையல் மாஸ்டர் வரதனும் வந்தார். அறுபது வயதுக்காரர், தென்கலை நாமம், பேச்சில் நிதானம். வெளிநாட்டுக்காரர்களுக்கு பிரெட், ஆம்லெட் என்று ஹோட்டலிலிருந்தே வரும், உங்களுக்குக் காபி வேலை மட்டும்தான் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. எட்டு நாளும் அந்த வாட்டத்தோடுதான் காபி போட்டார்.

நான் செய்த ஏற்பாடுகளைச் சொன்னால் உங்களுக்கே என் மேல் மரியாதை வரும். ஜெனரேட்டருக்கு இன்னொரு ஜெனரேட்டர். கொசுவுக்கு இரண்டு வகை மருந்து. மேடையிலிருந்து வாசல் வரைக்கும் சிவப்புக் கம்பளம். எனக்கு ஒரு கோட்டு. (திருச்சியில் கோட்டுப் போடுகிறவர்கள் மாப்பிள்ளையும் வக்கீலும்தான். என்னைப் பார்த்த ஆட்டோக்காரர்கள் எந்த ரகம் என்று தெரியாமல் குழம்பினார்கள்.) வாசலில் ஓர் அறிவிப்புப் பலகையும் வைத்தேன். பார்வையாளர்கள் எந்த வகையிலும் ஆட்டத்துக்கு இடையூறு செய்யக்கூடாது, மீறினால் வெளியேற்றப்படுவார்கள் என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே என் கையெழுத்து. நடுநிலையாகத் தெரியட்டும் என்று 'பார்வையாளர்கள்' பக்கத்தில் 'அமைப்பாளர்கள்' என்றும் பேனாவால் சேர்த்தேன்.

எட்டுச் சுற்றுகள் பிசகில்லாமல் நடந்தன. தாரணி ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் பெரிய பெரிய ஆட்கள் எழுந்து வந்து அவள் போர்டுக்குப் பின்னால் நின்றார்கள். கடைசிச் சுற்றில் ஜெயித்தால் முதல் நார்ம் அவளுக்கு. டிரா போதாது. எதிரே செர்பியாக்காரர் மிர்கோ. ஆறடிக்கு மேல் உயரம், கதவளவு அகலம், தங்கமான மனிதர்.

மற்ற நாட்களில் ஆட்டம் மதியம். கடைசி நாள் மட்டும் எல்லோருக்கும் சாயங்காலம் விமானம் என்பதால் காலை பத்து மணிக்கு வைத்தோம். அன்றைக்கு அவர்களுக்கு மண்டபத்திலேயே டிபன் போட்டுவிடுவதாக நான் சொன்னேன். வரதன் மாஸ்டரின் முகத்தில் எட்டு நாளைக்குப் பிறகு வெளிச்சம் வந்தது.

"மார்கழி மாசம் ஸ்ரீரங்கத்துக்கு வந்தவாளைப் பொங்கல் இல்லாம அனுப்பினா நன்னாவா இருக்கும்? அடியேன் பாத்துக்கறேன்" என்றார்.

வாழையிலை போட்டார். வெண்பொங்கலில் நெய் மிதந்தது என்று சொல்ல மாட்டேன், நெய்யில்தான் பொங்கல் மிதந்தது. முந்திரி, மிளகு, பக்கத்தில் வடை, மேலே சாம்பார். கிராண்ட்மாஸ்டர்கள் முதலில் ஸ்பூனில் எடுத்தார்கள். இரண்டாவது கரண்டியில் கையில் எடுத்தார்கள். மிர்கோ நான்கு முறை கேட்டு வாங்கினார். நான் கோட்டோடு குனிந்து ஒவ்வோர் இலையாக உபசரித்தேன். தாரணி மட்டும் ஓரமாக நின்று இரண்டு இட்லியோடு முடித்துக்கொண்டாள். பொங்கல் எங்கே என்று கேட்டேன்.

"இன்னைக்கு வேணாம்ண்ணே. தூக்கம் வரும்."

அந்த இடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் சிரித்துவிட்டு மிர்கோவின் இலையில் ஐந்தாவது கரண்டியைப் போடச் சொன்னேன்.

ஆட்டம் ஆரம்பித்து முக்கால் மணி நேரத்துக்குள் நான்கு போர்டுகளில் கைகுலுக்கி டிரா என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். கடைசிச் சுற்றில் அப்படி நடப்பது வழக்கம்தான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் அவர்கள் வேனுக்கு நடந்துபோன நடையில் பொங்கல் தெரிந்தது. மிச்சம் இருந்தது தாரணியின் போர்டு மட்டும். மிர்கோ தன் முறையில் தாடைக்குக் கையைக் கொடுத்துக் கண்ணை மூடியிருந்தார். கடிகாரத்தில் அவருக்கு ஐம்பது நிமிஷம் பாக்கி. ஆழமாக யோசிக்கிறார் என்று பார்வையாளர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்கள். இருபது நிமிஷம் கழித்து அந்த யோசனையிலிருந்து மெல்லிய குறட்டை வந்தது.

தலைமை நடுவர் சூசம்மா, கோட்டயத்துக்காரர், கண்டிப்பானவர். ஓடிப்போய் அவர் காதில் விஷயத்தைச் சொன்னேன். விதி தெளிவாகத்தான் இருக்கிறது என்றார்: ஆடுகிறவரை யாரும் எழுப்பக்கூடாது, அது வெளியிலிருந்து கிடைக்கிற உதவி, அவர் கடிகாரம், அவர் தூக்கம். நேரம் தீர்ந்தால் தாரணி ஜெயித்தாள்.

உண்மையைச் சொல்கிறேன், முதல் ஐந்து நிமிஷம் எனக்கு ஒரே சந்தோஷம். நார்ம் கையில் வந்துவிட்டது என்று மனதுக்குள் ஊர்வலமே விட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் உறைத்தது. ஆட்டம் இணையத்தில் நேரலையில் போய்க்கொண்டிருக்கிறது. தாரணி தங்கியிருப்பது என் வீட்டில். எதிராளிக்குப் பொங்கல் போட்டது நான். ஐந்தாவது கரண்டியைப் பத்துப் பேராவது பார்த்திருப்பார்கள். எட்டு வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து படித்த பெண்ணின் நார்முக்கு உலகம் முழுக்கப் பொங்கல் நார்ம் என்று பெயர் வைத்துவிடுவார்கள். அதை வாழ்நாள் முழுக்க அவள் தலையில் கட்டிய புண்ணியம் எனக்கு. தாரணி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை. பயம்தான் வந்தது.

மிர்கோவின் கடிகாரத்தில் ஏழு நிமிஷம் இருந்தபோது நான் பின்பக்கம் போனேன். வரதன் மாஸ்டர் பதினாறு டபரா டம்ளரைத் தட்டில் அடுக்கிவைத்திருந்தார். காபி கொண்டுபோகிற சாக்கில் ஒரே ஒரு டபராவைக் கொஞ்சம் அழுத்தி வைப்பது, க்ளிங் என்று சின்ன சத்தம், அவ்வளவுதான் என் திட்டம். ஒருத்தருக்கு ஒரு டபரா போதுமே என்று அப்போது தோன்றவில்லை. பதினாறையும் தூக்கிக்கொண்டு நடந்தேன். நானே விரித்த சிவப்புக் கம்பளத்தின் ஓரம் என் காலைப் பிடித்தது.

கல்யாண மண்டபத்து கிரானைட் தரையில் பதினாறு டபராவும் பதினாறு டம்ளரும் ஒரு பித்தளைத் தட்டும் விழுந்தால் என்ன சத்தம் வருமோ, அந்தச் சத்தம் வந்தது. அதிலும் ஒரு டபரா விளிம்பிலேயே உருண்டு, மேடையைச் சுற்றி, கூட்டம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருக்க, மெதுவாகப் போய் சூசம்மாவின் காலடியில் சுழன்று சுழன்று அடங்கியது. மிர்கோ நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து என்னைப் பார்த்துக் கைகூப்பினார். (எட்டு நாளில் நான் கற்றுக்கொடுத்த வணக்கம்.) காபியில் ஊறிய கோட்டோடு நானும் தரையிலிருந்தபடியே கைகூப்பினேன்.

சூசம்மா கடிகாரத்தை நிறுத்தினார். வாசலில் இருந்த பலகையைக் காட்டினார்.

"மிஸ்டர் சேவியர், வெளியே போங்க."

"மேடம், போட்டியை நடத்துறதே நான்தாங்க."

"அது தெரியும். போங்க."

போனேன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வழியில்லை. ஆட்டம் முடிகிற வரை எல்லோரிடமும் வாங்கிப் போட்டிருந்த பெட்டியில் என் போனும் உள்ளே இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்க்கலாம் என்றால், என் படம் போட்ட வரவேற்பு பேனரை ஜன்னல் தெரியாமல் இழுத்துக் கட்டியிருந்தேன். வரதன் மாஸ்டர் வந்து பக்கத்தில் நின்றார். என்ன ஆயிற்று என்று கேட்டார். பொங்கல் சாப்பிட்டு ஆள் தூங்கிவிட்டார் என்றேன்.

"பொங்கல்னா தூக்கம் வரணும் சார். வரலேன்னாத்தான் அடியேனுக்கு அவமானம்" என்றார்.

மிர்கோவிடம் ஆறே நிமிஷம் மிச்சம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முப்பது விநாடி கூடும் என்பதால் கெட்டிக்காரர்கள் அதை வைத்தே ஆட்டத்தை இழுத்துவிடுவார்கள். இழுத்தார். ஒன்றரை மணி நேரம் நான் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தாரணி தோற்றால் தூங்கின ஆளை எழுப்பிவிட்டது நான்தானே என்ற நினைப்பு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ஜெபமாலையைத் தேடினேன், அது கோட்டுப் பையில் காபியோடு கிடந்தது.

முதலில் வெளியே வந்தவர் மிர்கோ. என் தோளில் கை போட்டார். பொங்கல் பிரமாதம், பெண் அதைவிடப் பிரமாதம், நன்றாக விழித்திருந்தும் தோற்றேன் என்றார். பிறகு வரதன் மாஸ்டரிடம் போய் இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்குள் தாரணியும் வந்துவிட்டாள். தட்டைப் போட்டதற்கு மன்னித்துவிடும்மா என்றேன்.

"நீங்க போடலைன்னா நானே தண்ணி பாட்டிலைத் தள்ளி விட்டிருப்பேன்ணே. மூடிகூட திறந்து வச்சிருந்தேன். தூங்குறவரை ஜெயிச்சேன்னு எங்கப்பாகிட்ட எப்படிப் போயி சொல்றது?"

சூசம்மாவின் அறிக்கையில் தாரணியின் நார்முக்கு ஒரு வரி இருக்கிறது, அமைப்பாளர் வெளியேற்றப்பட்டதற்கும் ஒரு வரி இருக்கிறது. இரண்டையும் ஃபிரேம் போட்டு ஸ்டெல்லா ஹாலில் மாட்டியிருக்கிறாள். எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்திலும் என் கையில் தட்டுக் கொடுப்பதில்லை.

போன வருஷம் தாரணிக்குக் கல்யாணம், உப்பிலியபுரத்தில். விடியற்காலை முகூர்த்தம். மந்திரம் நீண்டுகொண்டே போக, மாப்பிள்ளை ஹோமப் புகையில் கண்ணை மூடியவர் மூடினபடியே இருந்தார். தலை மெல்லச் சாய ஆரம்பித்தது. மணமேடையிலிருந்து கிராண்ட்மாஸ்டர் தாரணி நிமிர்ந்து கூட்டத்தில் தேடி, முதல் வரிசையில் இருந்த என்னைக் கண்டுபிடித்தாள். உள்ளங்கையை விரித்து, தட்டைக் கவிழ்ப்பதுபோல் மெதுவாகச் சாய்த்துக் காட்டினாள். நான் பாதி எழுந்துவிட்டேன். தாலி கட்டி முடிகிற வரைக்கும் என் இரண்டு கையையும் ஸ்டெல்லா விடவேயில்லை.