உங்கள் தம்பியின் இடது முழங்கால் பற்றி

டுமாங்காஸ்,
வெள்ளிக்கிழமை

மதிப்பும் அன்பும் மிக்க நெனிதா அக்காவுக்கு,

உங்கள் தம்பி மனைவி மரிவிக் எழுதுவது. நாங்கள் மூவரும் இங்கே சுகம், பன்றிகள் இரண்டும் சுகம். வின்னிபெக் குளிர் உங்கள் மூட்டுகளை அண்டாதிருக்கக் குழந்தை இயேசுவை வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் அனுப்பிய பெட்டி வந்து ஐந்து வாரமாகிறது. இவ்வளவு தாமதமாக நன்றி சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் மின்னஞ்சல்.

அக்கா, உங்கள் தம்பி திரும்பவும் கூடைப்பந்து ஆடுகிறார். போன வருஷம் இரண்டாம் தடவையாக முழங்காலை அறுத்துத் தைத்த டாக்டர் என் எதிரில்தான் சொன்னார்: "கோச்சா இருங்க, தாராளமா கத்துங்க. குதிச்சீங்கன்னா அடுத்த தடவை என்கிட்ட நடந்து வரமாட்டீங்க." இவரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். கல்லூரிப் பையன்களுக்குக் கோச், திருவிழா வந்தால் நம் தெரு அணிக்கும் கோச், விசில் ஊதுவதோடு சரி என்று நானும் நிம்மதியாக இருந்தேன். போன ஞாயிறு பயிற்சி முடிந்து வந்தவர் நேரே நாற்காலியில் உட்கார்ந்தார். குழந்தை ஆர்விக் அப்போதுதான் துணியை நனைத்திருந்தாள். "கொஞ்சம் கழுவி விடுங்களேன்" என்றேன். "இப்ப கையில தண்ணி படக்கூடாது, மரிவிக்" என்றார். ஆடிச் சூடேறின கையில் தண்ணீர் பட்டால் பாஸ்மா வந்து நரம்பு நடுங்கும் என்று உங்கள் வீட்டில் எல்லோருக்கும் எவ்வளவு பயம் என்பது உங்களுக்குத் தெரியாததா? நான் வேதியியல் படித்தவள், எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் கோச் வேலைக்கு வாய்தானே சூடேறும், கை ஏன் சூடேறியது என்று யோசித்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கே போய்விட்டேன். அங்கே நம் அணிப் பையன் தோத்தோங் வலையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"கோச் ஆடினாரா?"

"ஐயோ அண்ணி, ஆடலை. சும்மா நின்னாரு. பந்துதான் அவர்கிட்ட வந்துச்சு."

"நின்னதுக்கா முழங்கால் பூசணி மாதிரி வீங்கியிருக்கு?"

"பந்து நிறைய தடவை வந்துச்சு, அண்ணி."

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அணியில் ஒருத்தன் கப்பலேறிவிட்டான், ஒருத்தன் போலீஸ் பயிற்சிக்குப் போய்விட்டான், இன்னொருத்தன் மாமரத்திலிருந்து விழுந்து கையில் கட்டோடு திரிகிறான். நாளை மறுநாள் நான்கு மணிக்குத் திருவிழா இறுதி ஆட்டம். உங்கள் தம்பிக்கு முப்பத்தெட்டு வயது.

வீட்டுக்கு வந்து பிடிபிடியென்று பிடித்தேன். மணிலாவில் ஒன்பது வருஷம் ஆடியது போதாதா, அரையிறுதியில் கடைசி நொடியில் நீங்கள் போட்ட அந்த மூன்று புள்ளியை இன்றைக்கும் ஊரில் சாவு வீட்டில்கூட வீடியோவில் போட்டுப் பார்க்கிறார்களே, அது போதாதா, மகளை இடுப்பில் தூக்க ஒரு கால் வேண்டாமா என்றெல்லாம் கேட்டேன். முந்தின நாள் வைத்த மீன் குழம்பையும் வாதத்தில் சேர்த்துக்கொண்டேன், எதற்கென்று இப்போது நினைவில்லை. கடைசியில்தான் சொன்னார்: "மணிலாவில என்னை ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனாங்க, மரிவிக். மூஞ்சியில துண்டு போட்டுக்கிட்டேன். அதோட முடிஞ்சிருச்சு. ஒரு தடவை நானா நடந்து வெளிய வரணும். இவ பாக்கணும்."

ஏழு மாசக் குழந்தைக்கு என்ன தெரியும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குப் பதிலாக வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் அவர் காலை வைத்து, எண்ணெய் தடவி விட்டேன். தடவும்போது முழங்காலில் ஏதோ நொறுநொறுவென்றது, அக்கா. பயமாக இருக்கிறது. அம்மா போன பிறகு அவரை வளர்த்தவர் நீங்கள். அவர் கேட்பது உங்கள் பேச்சு ஒன்றைத்தான். ஞாயிறு நான்கு மணிக்கு முன்னால் கட்டாயம் போன் செய்யுங்கள். திட்டுங்கள், அழுங்கள், நர்ஸ் என்ற முறையில் பயமுறுத்துங்கள். நான் சொன்னதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் வணக்கமும் முத்தங்களும். கடவுள் உங்கள் கையையும் காலையும், முக்கியமாகக் காலை, காப்பாராக.

உங்கள் அன்புள்ள,
மரிவிக்

பி.கு.: போன் செய்ய வேண்டாம், அக்கா. தோத்தோங் இப்போதுதான் பெயர்ப் பட்டியலோடு வந்து போனான். ஆடுகிறவர் பெயரைக் கோச் இடத்தில் எழுதக்கூடாதாம், அங்கே வேறொரு பெயர் வேண்டுமாம். மூன்று பேரைக் கேட்டார்களாம். உங்கள் தம்பியை ஆட்டத்திலிருந்து வெளியே கூப்பிடத் தங்களுக்குத் தைரியமில்லை என்று மூன்று பேரும் சொல்லிவிட்டார்களாம். எனக்கு இருக்கிறது. என் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். மொத்தமே இரண்டு நிமிஷம், அதற்கு மேல் ஒரு நொடியும் கிடையாது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நன்றாக ஆடினால் மூன்று கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.