அசையாத சைக்கிளுக்கு ஒரு வரிசை

அரசு ஊழியர்களின் உடலும் உள்ளமும் ஒருசேரச் செழிக்க வேண்டும் என்று மேலிடத்துக்குத் திடீரென்று தோன்றிவிட்டபடியால், திருப்பதியில் எங்கள் ஆபீசுக்கு நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள் ஒன்று வந்து இறங்கியது. கூடவே ஓர் ஆணை: "மிதிப்பவர் மனத்தை மிதியில் நிறுத்த வேண்டும். எவரும் விடுபடலாகாது."

நிஜமாகச் சந்தோஷப்பட்டது செங்கமலம் ஒருத்திதான். நகரியிலிருந்து தினம் ரயிலில் வருகிற கிளார்க். மாதக் கடைசிக்குள் சர்க்கரை இறங்காவிட்டால் தினம் ஊசிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊசி என்றாலே அவளுக்கு உயிர் போகும்.

"அண்ணா, தினம் அரை மணி மிதிச்சிக்கினு வந்தா எறங்கிடுமாம். சாமியே அனுப்பினா மாதிரி இருக்குது" என்றாள் என்னிடம்.

"ஒரு சைக்கிள், இத்தனை ஜனம். இன்னா செய்யறது?" என்று தாடையைத் தடவினார் எங்கள் சூப்பரின்டெண்ட் ஹரிபாபு. இந்த ஊரில் கேட்கிற கேள்வியா இது? மறுநாளே டோக்கன் வந்தது. ரெக்கார்டு ரூமைக் காலி செய்து காத்திருப்புக் கூடம் ஆக்கினோம். கம்பி கட்டினோம். முதியோர் வரிசை, கைக்குழந்தை வரிசை, முழங்கால் வலி வரிசை, சைக்கிளே பிடிக்காதவர்கள் மனம் நோகாதபடி அவர்களுக்கும் ஒரு வரிசை. சிபாரிசுக் கடிதம் வைத்திருப்பவர்களுக்குத் தனி வரிசை. அதுதான் வேகமாக நகர்ந்தது.

இப்படி நிற்கிறோமே என்றால், அதுதானாம் தியானம். "காத்திருக்கறதை கவனிங்கய்யா!" என்று கத்திக்கொண்டே போவார் ஹரிபாபு. வேலையாக வந்த பொதுமக்களையும் நாங்கள் ஒதுக்கவில்லை. பட்டாவுக்காக ஏர்பேட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர் வரிசையில் நின்று, மிதித்து, திருப்தியாக ஊர் போய்ச் சேர்ந்தார். பட்டாவைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை.

காலையில் நின்ற செங்கமலம் சாயந்திரம் சைக்கிளண்டை போனாள். ஏறி உட்கார்ந்து இரண்டு மிதி மிதித்திருப்பாள்.

"ஜருகண்டி! ஜருகண்டி!" நகரச் சொல்லி அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினாள் பியூன் வெங்கடம்மா.

"யம்மா, இன்னும் வேர்க்கவே இல்லியே!"

"பின்னாடி ஜனம் நிக்குது பாரு. நட, நட. லட்டு வாங்கிக்கினு போ."

ஆமாம், லட்டு. வரிசையில் நின்றவனை லட்டு கொடுக்காமல் அனுப்பினால், இந்த ஊரில் அவன் நின்றதாகவே ஒத்துக்கொள்ள மாட்டான்.

செங்கமலம் நேரே ஹரிபாபுவிடம் போனாள். "எனுக்கு சக்கரை சார். லட்டு வேணாம்."

அவர் பதறிவிட்டார். "அய்யய்யோ! சக்கரைக்காரங்களை ஒதுக்கறோம்னு மேல ரிப்போர்ட் போனா என் கதி? துன்னும்மா. கவனமா துன்னு. முந்திரியை தனியா கவனி."

தினமும் கவனமாகத்தான் தின்றாள். உள்ளதைச் சொன்னால் லட்டு பிரமாதம். நான் சிபாரிசு வரிசையில் போய் இரண்டு வாங்கினேன்.

மாதக் கடைசியில் ரத்தப் பரிசோதனை. துணைக்கு நானும் போனேன். கிளினிக் வாசலிலும் பெரிய வரிசை; நின்று நின்றுதான் உள்ளே போனோம். டாக்டர் நந்திதா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னாம்மா இது, முன்னைக்கு இப்ப இன்னும் ஏறிக் கெடக்குது! எக்சர்சைஸ் செய்யச் சொன்னனே?"

செங்கமலம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். வரிசை, இரண்டு மிதி, லட்டு. டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்க ஆபீசுல ஒருத்தருக்காவது மூளை இருக்குதா? ஒரு சைக்கிளை வெச்சிக்கினு இந்தக் கூத்தா?" என்று மூச்சுவிடாமல் திட்டினார். கேட்க எனக்கே குளுகுளு என்றிருந்தது. திட்டி முடித்து, ஊசி எழுதிக் கொடுத்தார். அப்புறம் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, அந்த சைக்கிளுக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் கெடைக்குமா? வீட்டோட வருவோம்."

செங்கமலம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அதுக்கென்ன மேடம், நானே வாங்கித் தரேன். ஆனா ஊசி போட்டுக்க நான் வர்றப்ப, வெளிய அந்த ஜனத்தோட என்னை வரிசையில நிக்க வெக்கக் கூடாது."