நாலு கை கோத்த கார்பன்

பென்சிலைக் கண்டால் எழுதிவிட்டுப் போகாமல், அதன் அணுவைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிற இனம் ஒன்று நம் நடுவில் உலவுகிறது. அந்த இனத்தை நான் முதலில் சந்தித்தது காட்டூர் பஸ்ஸில். கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த என்னிடம், "வைரமும் பென்சில் முனையும் ஒரே கார்பன், தெரியுமாங்க?" என்றார் ஒருவர்.

பெயர் கலையரசன். மருங்காபுரிக்காரர், குடும்பத்தின் முதல் பட்டதாரி, எம்.எஸ்ஸி. வேதியியல் என்று வாசற்கதவில், வண்டியில், ஊரிலுள்ள ஆட்டுக்கொட்டகையில்கூட எழுதிவைத்தவர். ஆடுகளும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டன.

பென்சில் முனையில் ஒவ்வோர் அணுவும் மூன்று பேரோடு கைகோத்துத் தட்டையாகப் படுத்திருக்கிறதாம். அடுக்குக்கும் அடுக்குக்கும் அவ்வளவாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். அதனால் வழுக்கித் தாளில் இறங்குகிறதாம். வைரத்திலோ எல்லாத் திசையிலும் நாலு பேரோடு இறுக்கம், சுலபத்தில் கீறல் விழாது. இதை டீக்கடையில் சொன்னார், துக்க வீட்டில் சொன்னார், தில்லை நகர் பல் டாக்டரிடம் வாயைப் பிளந்தபடியே சொன்னார். யார் கேட்டது? யாருமில்லை.

ஸ்ரீரங்கத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதாவது சும்மா இருந்தாரா? அனுசுயாவைப் பார்த்ததுமே மனசு பென்சில் முனையாக வழுக்கிவிட்டது. இந்தச் சம்பந்தம் தவறினால் தனக்கு வேறு கதியில்லை என்றே தோன்றியது. அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அம்மா சந்திரம்மாள், தெரியாத்தனமாக, தன் வைர மூக்குத்தியைக் கழற்றித் தட்டில் வைத்து, "இதுவும் பொண்ணுக்குத்தாங்க" என்றார்.

"ஒவ்வொரு அணுவும் நாலு பேரோட கை கோத்திருக்குங்க அத்தை. ஒண்ணும் பண்ண முடியாது. தட்டிக் காட்டவா?"

"ஐயோ, வேணாம் தம்பி!"

"சயின்ஸ் பொய் சொல்லாதுங்க!"

டீக்கு இஞ்சி தட்டும் குழவி அடுக்களையிலிருந்து வந்தது. ஒரே போடு.

கீறலைத் தாங்குவது வேறு, அடியைத் தாங்குவது வேறு. வாகாக அடி விழுந்தால் வைரமும் பிளக்கும். அவர் படித்த பாடம்தான். வாய் ஓடும்போது பாடம் எங்கே நிற்கும்? தங்கம் அப்பளமானது, கல் சர்க்கரையானது.

சந்திரம்மாள் வெறும் மூக்கைத் தடவிக்கொண்டார். கலையரசன் தூளை விரலால் கூட்டிக் குவித்து, "இப்பவும்... கார்பன்தாங்க" என்றார்.

"நாலு கையும் நல்லாத்தானே கோத்திருந்துச்சு," என்றாள் அனுசுயா. "அஞ்சாவதா உங்க கை எதுக்குங்க நடுவுல வந்துச்சு?"

கேட்டவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, அடங்காமல், அம்மா பக்கம் திரும்பினாள். "இவரையே பேசி முடிச்சிருங்கம்மா. வீட்டுக்கு டிவி வாங்க வேணாம்."

கலையரசன் இப்போது காட்டூரில் அனுசுயாவோடு குடியிருக்கிறார். இஞ்சி தட்டுவது மட்டும் அனுசுயா.

நீங்கள்? "கடினம் வேறப்பா, உறுதி வேற" என்று பக்கத்திலிருப்பவருக்கு விளக்க வாயெடுத்தீர்களே, பார்த்தேன். முதலில் அந்தக் குழவியைக் கீழே வையுங்கள்.