நானூறு மெகாவாட் அண்ணி

மதிப்புக்கும் வியப்புக்கும் உரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் ஒரே நாத்தனார் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, அண்ணன் எல்லோரும் சுகம். நானும் நாளைக் காலை ஒன்பது மணி வரை சுகம். அங்கே நீங்களும், ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் நீங்கள் கட்டி மேய்க்கும் பாய்லரும் சுகமாக இருக்க வேண்டும். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வரி கோணலாகப் போகும் இடத்திலெல்லாம் அம்மா இருமியிருக்கிறாள் என்று புரிந்துகொள்ளுங்கள். அப்பாவின் போனில் பேசினால் அப்பாவும் சேர்ந்து கேட்பார். அதனால்தான் விடிந்ததும் முதல் பஸ்ஸில் உங்களைப் பார்க்க வரும் அண்ணனின் பையில் இதைத் திணிக்கப்போகிறேன்.

எல்லாம் அறிவியல் மிஸ் கொடுத்த வேலையால் வந்தது. வீட்டில் சூடு தரும் பொருள் ஒன்றை எடுத்து, அது மணிக்கு எத்தனை கிலோகலோரி தரும் என்று கணக்குப் போட்டு, பள்ளிச் சுவரில் ஒட்ட வேண்டும். ஒரு கிலோவாட் என்றால் மணிக்கு எண்ணூற்று அறுபது கிலோகலோரி, மெகாவாட் என்றால் அதைப்போல் ஆயிரம் மடங்கு என்று மிஸ் சொன்னார். எல்லோரும் இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் என்று எழுதினார்கள். எனக்கு மட்டும் உங்கள் நினைவு வந்தது. உங்கள் கல்யாணத்தில் சித்தப்பா உங்களிடம், "ஆஸ்பத்திரின்னா நர்ஸாம்மா?" என்று கேட்டாரே. நீங்கள் சிரிக்காமல், "இல்லைங்க, நர்ஸுக்கு வெந்நீர் அனுப்புற ஆளு" என்றீர்கள். அன்று மற்ற பெண்கள் உங்கள் கை வளையலைப் பார்த்தார்கள். நான் அதற்குக் கீழே இருந்த சூடுபட்ட தழும்பைப் பார்த்தேன். அன்றிலிருந்தே வளர்ந்தால் அண்ணி மாதிரி ஆக வேண்டும் என்று இருக்கிறேன். ஒருமுறை பாத்திரம் கழுவிக்கொண்டே, "என் பாய்லர் நானூறு" என்று சொன்னீர்கள். நானூறு என்ன என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிலோ என்பது வெங்காயம் வாங்கும் அளவு. உங்களுக்கு மெகாதான் பொருந்தும் என்று நானே போட்டுக்கொண்டேன்.

கணக்கு முப்பத்து நான்கு கோடியே நாற்பது லட்சம் கிலோகலோரியில் வந்து நின்றது. எழுதும்போதே எனக்குப் புல்லரித்தது. இவ்வளவு பெரிய எண் யாருக்கும் மனதில் பதியாதே என்று பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பிஸ்கட்டுக்கு நாற்பது கிலோகலோரி. உடனே வகுத்து, "என் அண்ணி: ஒரு மணி நேரத்துக்கு எண்பத்தாறு லட்சம் பிஸ்கட்!" என்று சிவப்பு மையில் தலைப்புப் போட்டேன். மிஸ் பார்த்துவிட்டு, "பெருக்கல் சரி, வகுத்தலும் சரி. ஆனா ஓர் ஆஸ்பத்திரிக்கா இவ்வளவு?" என்று கேட்டார். "எங்க அண்ணி சொன்னாங்க மிஸ்" என்றேன். அதோடு விட்டிருந்தால் தேவலை. சின்ன வகுப்புப் பிள்ளைகள் தலைப்பை மட்டும் படித்துவிட்டு, அவ்வளவு பிஸ்கட்டையும் நீங்களே தின்கிறீர்கள் என்று பரப்பிவிட்டார்கள். மாலையில் பள்ளி வாசலில் யாரோ ஒருவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மருமகளுக்கு உடம்பு எப்படி இருக்கு? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று விசாரித்திருக்கிறார். அப்பா இன்னும் குழம்பிப்போய் இருக்கிறார்.

அதைவிட மோசம், எங்கள் வகுப்பில் ‘மைக்’ என்று ஒருத்தி. அவள் ரகசியம் பேசினால் மூன்று வகுப்புக்குக் கேட்கும். அவளுடைய பெரியப்பா குடலிறக்க ஆபரேஷனுக்கு உங்கள் ஆஸ்பத்திரியில்தான் படுத்திருக்கிறாராம். "ஏன்டி, எங்க பெரியப்பாவைக் குளிப்பாட்டப் போறாங்களா, வேகவைக்கப் போறாங்களா?" என்று கத்தினாள். "எங்க அண்ணி இருக்கிற வரைக்கும் ஒருத்தர் மேலயும் சூடு கூடிப்போகாது!" என்று நானும் பதிலுக்குக் கத்தினேன். அவளுடைய பெரியம்மாவோ பயந்துபோய், அவரை டிஸ்சார்ஜ் செய்து கூட்டிப்போகிறேன் என்று டாக்டரிடம் நின்றிருக்கிறார். செய்தி ஹெச்.எம். வரை போய்விட்டது. "நாளைக்கு ப்ரேயர்ல எல்லார் முன்னாடியும் பொய் சொன்னேன்னு மன்னிப்புக் கேக்கணும். இல்லைன்னா உங்க அண்ணியே எனக்குப் போன் பண்ணி, உண்மைதான்னு சொல்லட்டும்" என்றுவிட்டார்.

மன்னிப்புக் கேட்பதுகூடப் பெரிதில்லை அண்ணி. மேடையில் நின்று உங்களைச் சின்னதாக்கிச் சொல்ல வேண்டுமே, அதுதான் என்னால் முடியாது. அதனால் ப்ரேயருக்கு முன்பே ஹெச்.எம்முக்குப் போன் செய்து, நானூறு மெகாவாட் என்று உங்கள் வாயால் ஒருமுறை சொல்லிவிடுங்கள். மெதுவாகச் சொன்னாலும் போதும், உங்கள் குரலுக்கு அவர் எழுந்து நிற்பார்.

பெரியவர்களை வாழ்த்த எனக்கு வயது போதாது. ஆகவே உங்கள் பாய்லரை மட்டும் நீடூழி வாழ வாழ்த்துகிறேன். குழாய்களுக்கும் வால்வுகளுக்கும் என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் பெருமையைக் கட்டிக்காக்கப் போய் மாட்டிக்கொண்ட நாத்தனார்

பின்குறிப்பு: இது கடைசித் தாள் என்பதால் மேலே உள்ளதைக் கிழிக்க முடியவில்லை. இப்போதுதான் அண்ணன் தண்ணீர் குடிக்க எழுந்து வந்து, என் டார்ச் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டான். வேறு வழியில்லாமல், "அண்ணா, அண்ணியோட பாய்லர் நானூறு மெகாவாட்தானே?" என்று கேட்டேன். குடித்த தண்ணீர் அவனுக்கு மூக்கில் ஏறிவிட்டது. "மெகாவாட்டா! ஊருக்கே கரண்ட் குடுக்கலாம்டி அதுல. நானூறு கிலோவாட். அதுவும் பழசு. புதுசு கேட்டுக் கேட்டு உங்க அண்ணிக்குத் தொண்டைத்தண்ணி வத்திப்போச்சு. அதை வச்சுத்தான் மூணு மாடியையும் சமாளிக்கிறா" என்றான்.

ஆகவே தயவுசெய்து போன் செய்யாதீர்கள். மூன்று சைபரை அடித்தால் மூன்று லட்சத்து நாற்பத்து நாலாயிரம் கிலோகலோரிதான் வருகிறது. முதலில் அழுகை வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். நானூறு மெகாவாட்டைக் கொடுத்தால் மூன்று மாடிக்கு யார் வேண்டுமானாலும் வெந்நீர் ஏற்றுவார்கள், நான்கூட ஏற்றுவேன். நீங்கள் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு, அதுவும் ஒரு பழைய பாய்லரில், தினமும் ஏற்றுகிறீர்களே! நாளை மேடையில் இதைத்தான் சொல்லப்போகிறேன். மன்னிப்பு ஒரு வரிதான். மீதியெல்லாம் நீங்கள்.