சாவி இல்லாத டிரைவிங் பாடம்

வீட்டில் டிவி ரிமோட் மனைவியின் கையில். ஃபேன் எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்பது மனைவியின் முடிவு. எனக்குப் பசிக்கிறதா இல்லையா என்பதைக்கூட அவள்தான் சொல்வாள். என் ஆட்சி நடக்கும் ஒரே இடம், மெத்தை ஏற்றிக்கொண்டு நான் ஊரைச் சுற்றும் வேனின் டிரைவர் சீட். அதற்கும் ஒரு நாள் ஆபத்து வந்தது.

"ஞாயித்துக்கிழமை வேன் சும்மாதானே நிக்குது? ஓட்டக் கத்துக்குடுங்க. தங்கச்சி வீட்டுக்கு நானே போய்க்கிறேன்" என்றாள்.

அவளிடம் முடியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஆகவே திட்டம் தீட்டினேன். கற்றுக்கொடுப்பேன். ஆனால் கண்ணாடி, விளக்கு, சிக்னல் மூன்றும் அத்துப்படியாகும்வரை சாவி என் சட்டைப் பையிலேயே இருக்கும். அலுத்துப்போய் அவளே கைகழுவிவிடுவாள்.

முதல் ஞாயிறு முழுக்கக் கண்ணாடி. பக்கக் கண்ணாடியில் வேனின் உடம்பு ஒரு விரல் அகலம்தான் தெரிய வேண்டும், மீதி ரோடு என்றேன். கண்ணாடிக்குச் சிக்காத மூலை ஒன்று உண்டு, அதைத் தலையைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும் என்று நூறு தடவை திருப்ப வைத்தேன். அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. ராத்திரி தைலம் தேய்த்தது நான்.

இரண்டாவது ஞாயிறு சிக்னல். சாவி போடாமல் சிக்னல் எரியாது. சாவி கொடுக்க எனக்கு மனசில்லை. ஆகவே வேனுக்கு முன்னால் நின்று நானே சிக்னலானேன். அவள் ஸ்டீயரிங் பக்கத்து சிக்னல் குச்சியைத் தட்டினால் நான் வாயால் "டிக் டிக்" என்பேன். ஹெட்லைட் போட்டால் கண்ணை அகல விரிப்பேன். டிம் செய்தால் பாதி மூடுவேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"டிக் டிக்... போதுமா?"

"இன்னும் திரும்பி முடிக்கலீங்க. பெரிய வளைவு. நிறுத்தாதீங்க."

அந்த வளைவு இருபது நிமிடம் நீண்டது. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மூன்றாவது ஞாயிறு அவள் ஒரு சந்தேகம் கேட்டாள். "பிரேக் லைட் எரியுதான்னு ஓட்டுறவங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

எனக்கு உச்சி குளிர்ந்தது. இதல்லவா மாணவி. பின்னால் ஒரு ஆள் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்றேன். டிக் டிக் சொல்லத் தொண்டையும் இன்னும் தேறவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு, வேனுக்குப் பின்னால் பத்தடி தள்ளிப் போய் நின்றேன்.

"இடது?"

"எரியுது."

"பிரேக்?"

"எரியுது."

இஞ்சின் உறுமியது. அதையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டேன்.

"வலது?"

"எரியுது. பிரேக்தான் அணைஞ்சிடுச்சு."

பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் அது அணையும் என்பது எனக்குத் தெரியாததா? பதினெட்டு வருஷமாக வேன் ஓட்டுகிறேன். ஆனாலும் வேன் இரண்டு வீடு தாண்டிய பிறகுதான் உறைத்தது. லைசென்ஸ் இல்லாமல் போகாதே என்று கத்திக்கொண்டே ஓடினேன். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

பக்கக் கண்ணாடியில் என்னைப் பார்த்திருக்க வேண்டும். சிக்னல் போட்டு, ஓரங்கட்டி, ஜன்னல் வழியாக ஒரு அட்டையை நீட்டினாள்.

"தங்கச்சி கார்ல ஓட்டிப் பழகி போன மாசமே லைசென்ஸ் வாங்கிட்டேங்க. சாவிதான் கிடைக்கல."

தலையைத் திருப்பி மூலையைப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கிளம்பிப் போனாள். ஒரு குறை சொல்ல முடியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது வார நாளிலும் வேனை அவள்தான் ஓட்டுகிறாள். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று "வரலாம், வரலாம்" என்று சொல்வது நான்.