ஒரு தோட்டாகூடச் சுடாத ஸ்டாஃபர்

“எங்க கொள்ளுத்தாத்தா தனி ஆளா, ஒரு தோட்டாகூடச் சுடாம, முந்நூறு தென்படைக்காரனை இந்தக் கல்சுவர்லயே நிறுத்தினார்!” என்றார் டெல்மர் ஸ்டாஃபர்.

“காகித ஆதாரம் இருக்கா?” என்று கேட்டாள் ஊர் வரலாற்றுச் சங்கச் செயலாளர் வினிஃபிரட்.

“இல்ல.”

“அப்போ சுவர்ல அவர் பெயர்ப்பலகையும் இல்ல.”

இருபது வருடமாக இதே பதில். டெல்மருக்கு ரத்தம் கொதித்தது. ஏற்கெனவே பென்சில்வேனியாவின் ஜூலை வெயில் வேறு, கம்பளிச் சீருடைக்குள் அவரை அவித்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரை ஆண்டுதோறும் நடித்துக் காட்டும் நாள் அது. வடபடைக் கேப்டன் அவர்தான்.

இந்த நடிப்புப் போரில் ஒரு வழக்கம் உண்டு: எப்போது சாவது என்பது அவரவர் இஷ்டம்.

தென்படையின் முதல் வேட்டுக்கே வடபடை நாற்பது பேரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, முப்பதடி ஓடி, மேப்பிள் மர நிழலில் விழுந்து செத்தார்கள்.

“எழுந்திருங்கடா, வெட்கங்கெட்டவனுங்களா!”

“செத்தவன்கிட்ட பேசாதீங்க கேப்டன், ஜனங்க பார்க்குறாங்க” என்றது ரொட்டிக்கடை கர்ட்டிஸின் பிணம்.

டெல்மர் அவன் காலைப் பிடித்து இழுத்தார். பூட்ஸ் மட்டும் கையோடு வந்தது. கூட்டம் கைதட்டியது. துப்பாக்கியை எடுத்தார். வியர்வையில் நனைந்த வெடிமருந்து ‘புஸ்’ என்றது.

எதிரே தென்படைத் தளபதி ராய்ஸ் வாளைச் சுழற்றினான். “இருபது வருஷமா தோத்துக்கிட்டே இருக்கோம், டெல்மர்! இன்னிக்கு விடமாட்டோம்!”

இரண்டாயிரம் பேர் முன்னால் தெற்கு ஜெயித்துவிடும். வரலாறு தலைகீழாகும். அதுவும் ஒரு ஸ்டாஃபரின் கண்ணெதிரே!

ஆத்திரம் தாங்காமல் சுவர்மேல் ஏறிக் கத்தினார்: “அப்படியே வெயில்ல வெந்து சாவுங்க! நிழல்ல இன்னும் கொஞ்சம் இடந்தான் இருக்கு!”

தென்படை நின்றது. மரத்தைப் பார்த்தது. அடுத்த நொடி முந்நூறு பேரும் “ஐயோ, குண்டு!” என்று அலறியபடி டெல்மரைத் தாண்டி ஓடி, வடபடைப் பிணங்களை நெருக்கித் தள்ளிக்கொண்டு செத்தார்கள். ராய்ஸுக்குக் கர்ட்டிஸின் வயிற்றின் மேல்தான் இடம் கிடைத்தது.

டெல்மர் சுவர்மேலேயே உட்கார்ந்துவிட்டார். “குடும்ப மானமே போச்சு.”

வினிஃபிரட் முகம் வெளுத்து வந்து நின்றாள்.

“நிஜப் போர்ல தென்படைச் சிப்பாய் ஒருத்தன் அவன் அம்மாவுக்கு எழுதின கடிதம் முப்பது வருஷமா என் அலமாரியில இருக்கு, டெல்மர். ‘சுவர் மேல ஒருத்தன் நின்னு, நிழல்ல இடம் இருக்குன்னு கத்தினான், நாங்க போய்ப் படுத்துட்டோம்’னு எழுதியிருக்கான். கிறுக்கன் உளறினதுன்னு நான்தான் பூட்டி வெச்சேன்... அது நடந்ததுதான்!”