மேல் இருபதடி

கிணறு என்பது தண்ணீர் எடுப்பதற்காக வெட்டப்படுவது என்று பாமர ஜனங்கள் நினைக்கிறார்கள். நான் தாலுக்கா கச்சேரியில் பிரதி எழுதும் குமாஸ்தா. எனக்கு அந்தத் தப்பெண்ணம் கிடையாது.

பல்லடத்துக்குத் தெற்கே செங்கரட்டுப்பாளையம் என்று ஓர் ஊர். 1934-ஆம் வருஷம் அங்கே மேற்கு வளவு என்ற சேரியில் குடியிருந்த பண்ணையாட்களுக்காகக் குடிநீர் நல இலாகா ஒரு கிணறு வெட்டியது. இருபதாவது அடியில் பாறை வந்தது. இலாகா உடனே ‘கிணறு பூர்த்தி, தண்ணீர் நாஸ்தி’ என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டது. கிணறு வெட்டுவது இலாகாவின் கடமை; தண்ணீர் வருவது கிணற்றின் சொந்த விவகாரம்.

இரண்டு வருஷம் கழித்து மிஷன்காரர்கள் வந்தார்கள். வெள்ளைக்காரத் துரை ஒருவர் தாமே கயிற்றைப் பிடித்து இறங்கிப் பாறையைத் தட்டிப் பார்த்தார். வெடி வைத்தார்கள். முப்பத்திரண்டாவது அடியில் நல்ல தண்ணீர் பொங்கியது. மேற்கு வளவில் பாதிப் பேர் கிறிஸ்தவராக மாறிய வேதக்காரர்கள், பாதிப் பேர் இந்துக்கள். எல்லோருக்கும் பொது என்று சொல்லிவிட்டுத் துரை வேறு ஊருக்குக் கிணறு வெட்டப் போய்விட்டார். இங்கே பொறுப்பாக இருந்தவர் மிஷன் உபதேசியார் தம்பிதுரை. பாவம், நல்ல மனுஷர். அவர் செய்த ஒரே குற்றம், மரியாதைக்காக இலாகாவுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதியதுதான்.

கடிதத்தைப் பார்த்த பிறகுதான் இலாகாவுக்குத் தன் கிணறு ஞாபகம் வந்தது. இலாகா கிணறுகள் இந்துத் தொழிலாளருக்கு மட்டுமே உரியவை. மதம் மாறியவர்கள் தங்கள் மிஷனைப் பார்த்துக்கொள்ள வேண்டியது. தண்ணீர் மிஷனுடையது, அதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தத் தண்ணீர் வெளியே வருவதற்குச் சர்க்கார் கிணற்றில் இருபதடி பிரயாணம் செய்தாக வேண்டும். ஒரு வேதக்காரரின் வாளி எந்த அதிகாரத்தின் பேரில் அப்படிப் பிரயாணம் செய்கிறது? இது தீரும்வரை கிணற்றைச் சுற்றி வேலமுள் அடைத்து, முள்ளுக்கு அரக்கு முத்திரை வைத்தோம். வைத்தவன் நான்தான். விரலில் நன்றாகக் குத்தியது.

முத்திரை வைத்த அன்றே மேற்கு வளவு மாசாணியம்மாள் என்னிடம் வந்து முள்ளை எடுத்துவிடும்படி கேட்டாள். அவள் புருஷன் ஞானஸ்நானம் வாங்கியவன், அவள் வாங்காதவள். அவர்கள் மகளுக்கு ஒரு மாதமாக வயிற்றுக்கடுப்பு. மருந்து மட்டும் போதாது, குட்டைத் தண்ணீரை நிறுத்தாவிட்டால் பிள்ளை பிழைக்காது என்று மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். எருமை குளிக்கும் அந்தக் குட்டையைக் குறித்து இலாகாவுக்கு யாரும் கடிதம் எழுதியதில்லை. ஆகவே அதில் குடிக்கத் தடை ஏதும் இல்லை.

விசாரணைக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வரதராஜுலு வந்தார். ஊர்ப் பெரியதனக்காரர் பொங்கியண்ணக் கவுண்டர் நாற்காலி போட்டு மோர் கொடுத்தார். டேப்பு விட்டுக் கிணற்றை அளந்தோம். சர்க்கார் எல்லைக்கும் மிஷன் எல்லைக்கும் நடுவே சுண்ணாம்பில் ஒரு கோடு போடப்பட்டது. அப்போதுதான் இன்ஸ்பெக்டருக்கு ஒரு நுட்பமான சந்தேகம் உண்டாயிற்று. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறிக் கோட்டைத் தாண்டினால் அது யாருடைய தண்ணீர்? தாண்டிய தண்ணீர் சர்க்காருக்கே சேரும் என்று அவரே தீர்ப்பும் சொன்னார். அதாவது மழைக்காலத்தில் இந்துக்கள் குடிக்கலாம். கோடையில் வேதக்காரர்கள் குடிக்கலாமா என்பது மேலிடத்தின் பரிசீலனைக்கு உரியது.

வளவில் விவரம் தெரிந்தவன் என்று பேர் எடுத்த அங்கப்பன் கைகட்டி நின்று, “ஐப்பசிக்கு இந்துவாவும் சித்திரைக்கு வேதக்காரனாவும் இருந்துக்கிறனுங்க சாமி” என்றான். இன்ஸ்பெக்டர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. பருவத்துக்கு முப்பது நாள் முன்னதாக மனுப் போட வேண்டியிருக்கும் என்றார். உபதேசியார் அப்படிச் செய்யலாகாது என்று தலையை ஆட்டினார். ஆனால் சித்திரையில் எத்தனை பேர் வருவார்கள் என்று மெல்ல விசாரித்துக்கொண்டார். நான் பதினேழாம் பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். என் கையெழுத்து வெகு அழகு.

மாசாணியம்மாள் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள்.

“ஏனுங்க சாமி, சர்க்காருக்கும் மிசனுக்கும் எதுக்குங்க இத்தன தொந்தரவு? ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊர்ப் பொதுக் கெணறு இருக்குதுங்க. மேலிருந்து அடி வரைக்கும் ஒரே கெணறு. நாங்க எல்லாரும் அதுலயே சேந்திக்கிறோமுன்னு ஒரு வரி எழுதிப்போடுங்க, போதும்.”

பொதுக் கிணறுகளில் எல்லா ஜாதியாரும் தண்ணீர் எடுக்கலாம் என்று சர்க்கார் சுற்றறிக்கை வந்து வெகு நாளாயிற்று. சாவடியில், கதவுக்குப் பின்னால், அதை ஒட்டியவர் வரதராஜுலுதான். உபதேசியார் தம் செருப்பைப் பார்த்தார். ஊருக்குள் ஜெபக்கூடம் கட்ட இடம் தருவதாகக் கவுண்டர் அவருக்குச் சொல்லியிருந்தார்.

கவுண்டர்தான் முதலில் எழுந்தார். “இன்ஸ்பெக்டருங்க, தண்ணிக்கு ஏதுங்க மதம்?” என்றார். அவ்வளவு பெரிய ஞானம் அவர் வாயிலிருந்து அதற்கு முன் வந்து யாரும் கேட்டதில்லை. சொல்லிவிட்டுத் தாமே போய் வேலமுள்ளைப் பிடித்து இழுத்து எறிந்தார். அவசர நிலைமைக்கு ஒரு விதி இருப்பது இன்ஸ்பெக்டருக்கு உடனே ஞாபகம் வந்தது. கால் மணி நேரத்தில் உத்தரவு எழுதி, கையெழுத்தாகி, உபதேசியார் ஜெபமும் பண்ணிவிட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அன்று சாயங்காலமே அந்தப் பிள்ளை நல்ல தண்ணீர் குடித்தாள்.

கிணறு தன்னுடைய சாதனை என்று இலாகா அறிக்கை அனுப்பியது. கர்த்தருடைய கிருபை என்று மிஷன் பத்திரிகை எழுதியது. தம்முடைய தர்மம் என்று கவுண்டர் சந்தையில் சொல்லிக்கொண்டார். கிணற்றைப் பராமரிக்க மேற்கு வளவில் ஒரு கமிட்டி ஏற்பட்டு, அங்கப்பன் தலைவனானான்.

பத்து நாள் கழித்து உத்தரவின் பிரதியைக் கொடுக்க நான் அங்கே போனேன். மாசாணியம்மாள் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தாள். அப்போது கிழக்கு வளவிலிருந்து ராசாத்தாள் இரண்டு குடங்களோடு வந்து எட்டவே நின்றாள். கிழக்கு வளவு ஜனங்கள் செருப்புத் தைப்பவர்கள். மேற்கு வளவுக்காரர்கள் அவர்கள் கையால் எதுவும் வாங்க மாட்டார்கள்.

அங்கப்பன் என் கையிலிருந்த தாளைக் காட்டி, உத்தரவில் யார் பேர் இருக்கிறதென்று படிக்கச் சொன்னான். ‘மேற்கு வளவு ஜனங்கள்’ என்று படித்தேன். இன்ஸ்பெக்டர் ‘வளவு ஜனங்கள்’ என்றுதான் சொன்னார். ‘மேற்கு’ என்று சேர்த்தது நான். வரி நிறைந்து பார்வையாக இருக்கட்டும் என்று சேர்த்தேன்.

“கெழக்கு வளவுன்னு ஒரு வார்த்தை இல்லீங்களே அம்மணி,” என்றான் அங்கப்பன், வெகு மரியாதையாக. “எழுதிக் குடுங்க. கமிட்டில வெச்சுப் பார்க்கலாம்.”

ராசாத்தாள் மாசாணியம்மாளைப் பார்த்தாள். மாசாணியம்மாள் நிமிரவில்லை. அவள் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அவள் இன்னும் சேந்தி ஊற்றிக்கொண்டே இருந்தாள்.